ஒரே கம்பெனி, இரண்டு வரிசை

1932-ம் வருஷம் அக்டோபர் மாதம் 15-ந் தேதி கராச்சியிலிருந்து ஒரு சின்னஞ்சிறு விமானம் தபால் மூட்டையுடன் கிளம்பி, ஆமதாபாத் வழியாகப் பம்பாய் ஜுஹு மைதானத்தில் வந்து இறங்கியது. அதை ஓட்டி வந்தவர் ஸ்ரீ ஜே. ஆர். டி. டாட்டா. சென்னைக்கு வரவேண்டிய தபாலைப் பல்லாரி வழியாகக் கொண்டுவந்து சேர்த்தவர் அவருடைய சகாவான நெவில் வின்ஸென்ட். பின்னாளில் 'ஏர் இந்தியா' என்று உலகமெங்கும் பெயர் பெற்ற ஸ்தாபனம் இப்படித்தான் ஆரம்பமாயிற்று.

அன்று அந்தக் கம்பெனியிடம் இருந்தவை இரண்டே சிறு விமானங்கள். ஓட்டுகிறவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். ஆகையால், 'யார் முன்னவர், யார் பின்னவர்?' என்ற வழக்கு எழுவதற்கே இடமில்லை. இக்காலத்திலோ விமானிகள் இருவர் சந்தித்தால் பேச்சு விரைவில் அந்த வழக்கில்தான் வந்து நிற்கிறது. கம்பெனிகள் இணைந்தால் நம் இடம் எது? கம்பெனி திவாலானால் நம் கதி என்ன?

லட்சக் கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இப்படியும் ஒரு கவலையா என்று நேயர்கள் கேட்கலாம். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறு எண்ணியதுண்டு. விஷயத்தைச் சற்று விசாரித்துப் பார்த்த பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது.

விமானியின் சொத்து

கும்பகோணத்தில் பெயரெடுத்த டாக்டர் மதுரைக்குக் குடிபெயர்ந்தால் அவருடைய கைராசியும் கூடவே போகும். வக்கீலுக்கும் அப்படியே. விமானியின் சமாசாரம் வேறு. அவருக்குக் கிடைக்கும் உரிமம் இன்ன ரக விமானம் என்று குறிப்பிட்டே கொடுக்கப்படுகிறது. ஏர்பஸ் ஓட்டிப் பழகியவர் தனிப் பயிற்சியும் பரீட்சையும் இல்லாமல் போயிங்கை ஓட்ட முடியாது. புதிய விமானத்துக்குப் பயிற்சி யாருக்கு, எந்த மார்க்கம் யாருக்கு, வலது ஆசனத்துத் துணை விமானி எப்போது இடது ஆசனத்துக்கு மாறித் தலைமை விமானி ஆவார் என்பதெல்லாம் பழைய பெரிய கம்பெனிகளில் பெரும்பாலும் ஒரே ஜாபிதாவைப் பார்த்துத்தான் தீர்மானமாகும். 'ஸீனியாரிட்டி' என்பது அதன் பெயர்.

அந்த ஜாபிதாவில் தமக்குள்ள இடத்தை விமானி வேறு கம்பெனிக்கு எடுத்துச் செல்ல முடியாது. நினைத்த மாத்திரத்தில் வெளியேறவும் முடியாது. தலைமை விமானி ஒரு வருஷமும், துணை விமானி ஆறு மாதமும் முன்னறிவிப்புக் கொடுக்கவேண்டும் என்று 2017-ல் நமது சர்க்கார் விதித்தது. இருபது வருஷம் உழைத்துச் சேர்த்த சொத்து ஒரு காகிதத்தில் ஓர் இலக்கமாக இருக்கிறது. அந்தக் காகிதத்தைப் புதிதாக எழுதப் போகிறோம் என்றால் யாருக்குத்தான் வயிறு கலங்காது?

இரண்டு குடித்தனம்

1953-ல் விமானக் கம்பெனிகள் தேசியமயமாயின. வெளிநாட்டுப் பிரயாணத்துக்கு ஏர் இந்தியா என்றும், உள்நாட்டுக்கு இந்தியன் ஏர்லைன்ஸ் என்றும் இரண்டு ஸ்தாபனங்கள் ஏற்பட்டன. ஐம்பத்துநான்கு வருஷம் தனித்தனிக் குடித்தனம் நடத்திய இவ்விரண்டையும் 2007-ல் சர்க்கார் ஒன்றாக்கியது. பெயர்ப்பலகை ஒன்றாயிற்று, விமானிகளின் சங்கம் இரண்டு, சம்பள முறை இரண்டு, பதவி உயர்வுக் கணக்கு இரண்டு என்றே நின்றன. இணைப்புக்கு முன் இரு ஸ்தாபனங்களும் சேர்ந்து 111 புதிய விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்தன. அந்தக் கடனும் புதுக் குடித்தனத்தின் தலையில் ஏறியது.

2011 ஏப்ரலில், ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் வேண்டும் என்று பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அது பத்து நாள் நீடித்தது. அதன் பிறகே நீதிபதி தர்மாதிகாரியின் தலைமையில் ஒரு கமிட்டி அமைக்கப்பட்டது. இணைப்பு நடந்து நான்கு வருஷம் கழித்து! கல்யாணம் முடிந்து, பந்தலையும் பிரித்த பிறகு சீர்வரிசை பேச உட்கார்ந்த கதைதான்.

2012 மே மாதம் மற்றொரு பக்கத்தார் எழுந்தார்கள். போயிங் 787 என்னும் புதிய விமானத்துக்கு இரு பக்கத்து விமானிகளுக்கும் பயிற்சி என்று நிர்வாகம் முடிவு செய்தது. "எங்கள் ஏர் இந்தியா ஆர்டர் கொடுத்த விமானம், பயிற்சியில் எங்களுக்கே முதலிடம்" என்றார்கள் அவர்கள். "கம்பெனி ஒன்றான பிறகு உங்கள் விமானம், எங்கள் விமானம் என்று பேதம் ஏது?" என்றார்கள் இவர்கள். இரண்டிலும் நியாயம் இருந்ததுதான் சங்கடம். 58 நாள் விமானிகள் வேலைக்கு வரவில்லை. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் நீக்கப்பட்டார்கள். சங்கத்தின் அங்கீகாரம் ரத்தாயிற்று. டில்லி ஹைக்கோர்ட்டின் தலையீட்டுக்குப் பிறகு ஜூலை ஆரம்பத்தில் திரும்பினார்கள். ஸ்தாபனத்தைக் காப்பாற்ற ஏறக்குறைய 30,000 கோடி ரூபாய் பொதுப்பணத்துக்குச் சர்க்கார் சம்மதித்தது அந்த வேலை நிறுத்தம் ஆரம்பமாவதற்கு முந்திய மாதத்தில்தான் என்பதையும் மறக்கலாகாது.

கிழக்கும் மேற்கும்

இது நம்மவர்களின் குணக்கேடு என்று சலித்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் 2005-ல் யு. எஸ். ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்ட்டும் இணைந்தன. முதல் கம்பெனி அதற்குள் இரண்டு முறை திவால் கோர்ட்டைப் பார்த்திருந்தது. அதன் விமானிகள், வேலைக்குச் சேர்ந்த தேதிப்படி வரிசை வேண்டும் என்றார்கள். "நாங்கள் கை கொடுத்திராவிட்டால் உங்களுக்கு வரிசை ஏது, வேலைதான் ஏது?" என்று மேற்கத்தியார் கேட்டார்கள். மத்தியஸ்தர் 2007-ல் தீர்ப்பளித்தார். அதன்படி, பதினைந்து வருஷத்துக்கு மேல் கணக்கிருந்தும் ஆட்குறைப்பில் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தவர்கள், சில மாதங்களுக்கு முன் சேர்ந்த இளைஞருக்கும் கீழே போனார்கள். கிழக்கத்தியார் தீர்ப்பை ஏற்காமல் பழைய சங்கத்தையே 2008-ல் வெளியேற்றி, புதுச் சங்கம் கண்டார்கள். 2013-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸுடன் இணைந்தபோதும் அந்தப் புண் ஆறவில்லை.

பொறுத்தவர்களின் கதை

போராடியதால்தான் வினை வந்தது என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு ஜெட் ஏர்வேஸின் கதையை நினைவூட்ட வேண்டும். 2019-ல் மாதக் கணக்காகச் சம்பளம் வராமலே அதன் விமானிகள் விமானம் ஓட்டினார்கள். 'சம்பளம் இல்லையேல் பறப்பதில்லை' என்ற தீர்மானத்தை, பாங்குகள் பணம் தரும் என்ற நம்பிக்கையில், ஒரு முறைக்கு இருமுறை ஒத்திப்போட்டார்கள். ஏப்ரல் 17-ந் தேதி இரவு கம்பெனி தன் கடைசி விமானத்தை இயக்கி ஓய்ந்தது. 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் அதன் சொத்துக்களை விற்றுக் கணக்குத் தீர்க்கும்படி உத்தரவிட்டது. போராடினாலும் நஷ்டம், பொறுத்தாலும் நஷ்டம் என்ற நிலையில் ஒரு மனிதனை நிறுத்திவிட்டு, அவனிடம் நிதானத்தை எதிர்பார்ப்பது எவ்வளவு தூரம் நியாயம்?

2022 ஜனவரியில் ஏர் இந்தியா, பிறந்த வீடாகிய டாட்டாவுக்கே திரும்பியது. 2024 நவம்பர் 12-ந் தேதி விஸ்தாராவும் அதனுடன் கலந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, ஏப்ரலில், புதிய சம்பள ஒப்பந்தத்தில் உத்தரவாத நேரம் 70 மணியிலிருந்து 40 மணியாகக் குறைகிறது என்று விஸ்தாரா விமானிகள் மனம் நொந்தார்கள். ஆள் இல்லாமல் பல விமானங்கள் ரத்தாயின. பழைய பாடத்தை மறுபடியும் முதலிலிருந்து படிக்கிறோமா என்ற ஐயம் நமக்கு உண்டாயிற்று.

நமது அபிப்பிராயம் இதுதான். இரண்டு கம்பெனிகள் இணையுமுன், விமானங்களையும் கடன்களையும் எவ்வளவு கவனமாகக் கணக்கெடுக்கிறார்களோ, அவ்வளவு கவனமாக விமானிகளின் வரிசையையும் இரு தரப்பாரையும் எதிரில் வைத்துக்கொண்டு பேசி முடிக்க வேண்டும். விமானிகளும் தங்கள் வரிசை இலக்கம் பிழைப்பதற்குக் கம்பெனி பிழைத்திருக்க வேண்டும் என்பதை மறக்கலாகாது.

விமானத்தின் முன்னறையில் இருப்பவை இரண்டே ஆசனங்கள். ஒன்றில் அந்தக் கம்பெனியிலிருந்து வந்தவர். மற்றதில் இந்தக் கம்பெனியிலிருந்து வந்தவர். அவர்கள் ஒருவரையொருவர் முழு மனத்துடன் நம்பவேண்டும். பின்னால் குழந்தை குட்டிகளோடு அமர்ந்திருக்கும் நூற்றுக் கணக்கான பிரயாணிகளாகிய நமக்கு அதைவிட முக்கியமானது வேறென்ன இருக்கிறது?