வேதப்புத்தகமும் டச்சுக் கோட்டையும்

தோழர்களே, பழவேற்காட்டுக்கு வருகிறவர்களை நாம் முதலில் டச்சுக் கல்லறைக்குத்தான் கூட்டிப்போகிறோம். வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள், உள்ளே பெயர் பொறித்த கற்கள். 1613இல் எழுந்த கெல்திரியா கோட்டையின் ஆட்கள் பஞ்ச காலங்களில் விலைக்கு வாங்கிப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றிய அடிமைகளுக்கு அங்கே ஒரு கல்கூட இல்லை.

அதே கோட்டையில் 1630களில் போதகராக இருந்தவர் ஆபிரகாம் ரோஜேரியுஸ். இந்த மண்ணின் சாதி, சமயம் பற்றி அவர் எழுதிய நூல், அவர் இறந்தபின் 1651இல் லெய்டனில் அச்சானது. அவருக்கு விவரம் சொன்னவர்களில் முக்கியமானவர் பத்மநாபன் என்ற பிராமணர். வேதப்புத்தகத்தோடு வந்தவர், நம்மைப் பற்றி அக்கிரகாரத்தில் விசாரித்தார். இதைத் தற்செயல் என்று நாம் நினைக்கவில்லை.

ஆப்பிரிக்கர்களிடம் புத்தகத்திலேயே கை வைத்தார்கள். மேற்கிந்தியத் தீவுகளின் கறுப்பு அடிமைகளுக்கென்று 1807இல் லண்டனில் ஒரு வேதாகமம் அச்சிட்டார்கள். இஸ்ரவேலரை எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மோசே மீட்ட கதை அதில் கிடையாது. எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் வசனம் மட்டும் பத்திரமாக இருந்தது.

தமிழில் யாரும் அப்படி வெட்டவில்லை. சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது. யாத்திராகமமும் பிறகு வந்தது. வெட்ட வேண்டிய தேவை இல்லை. அதே ஊர்க் கோயிலில் சூத்திரக் கிறிஸ்தவர்களுக்குப் பாய், பறையர்களுக்கு வெறுந்தரை. வசனம் செய்யாததைச் சாதி செய்தது.

1833இல் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை விட்டுவிடச் சொன்னார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் அதை எதிர்த்துச் சபையைவிட்டு வெளியேறியவர்கள் பாயில் உட்கார்ந்திருந்தவர்கள். நம்மவர்கள் உள்ளேயே இருந்தார்கள், புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு.