மந்திரமும் மக்கள் வாழ்வும்

மந்திரத்தால் மாங்காய் விழுமா என்று கேட்பது நம் வழக்கம். விழும் என்றே வைத்துக் கொள்வோம். அப்படியானால் தோப்புக்குக் காவலாள் எதற்கு? சந்தையில் மாங்காய்க்கு என்ன விலை? கற்பனை உலகங்களைப் படைத்து ஆடும் விளையாட்டுகளில் முதலில் கேட்க வேண்டியவை இக்கேள்விகளே என்பது என் கருத்து.

அமெரிக்காவில் 1974-இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவர் உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வெளிவந்தது. ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுப் பேசுவர். வாள் பட்டதா, தப்பினாரா என்பதைப் பகடை சொல்லும். நாடகமும் தாயமும் கலந்தது எனலாம்.

அதில் மந்திரவாதி மந்திரத்தை மனப்பாடம் செய்து வைத்திருப்பான். பயன்படுத்தியதும் அது நினைவை விட்டு அகன்றுவிடும். (தேர்வு மண்டபத்தில் நம்மில் பலர் அறிந்த நிலைதான்!) ஜாக் வான்ஸ் 1950-இல் வெளியிட்ட ‘தி டையிங் எர்த்’ கதைகளிலிருந்து வந்த எண்ணம் இது. ஆட்டத்திற்கு நல்ல விதி. ஆனால், அதே விளையாட்டில் தேர்ந்த பூசாரி உணவை வரவழைக்கிறார், இறந்தவரை எழுப்புகிறார். ஊரும் உழவும் அரண்மனையுமோ பழைய ஐரோப்பாவின் சாயலில் அப்படியே இருக்கின்றன! அங்கே பஞ்சம் எப்படி வரும்? மன்னர் இறந்தால் இளவரசர் உடனே முடிசூட முடியுமா? அத்தகைய பூசாரிகள் அரியர் என்பார்கள். அரியரானால் என்ன, அரசனுக்குமா கிடைக்க மாட்டார்?

1978-இல் வந்த ‘ரூன்குவெஸ்ட்’ இதை வேறு விதமாக அணுகியது. அதன் களமாகிய கிளோராந்தா, கிரெக் ஸ்டாஃபோர்ட் 1966 முதல் எழுதி வளர்த்த உலகம். அங்கே பெரிய மந்திரம் வேண்டுமானால் தன் ஆன்ம வலிமையில் ஒரு பங்கைத் தெய்வத்திற்கு நிலையாகக் கொடுத்துவிட வேண்டும். தெய்வத்திற்குத் தெய்வம் நோன்பும் வேறு. சலானா அராய் என்னும் மருத்துவத் தேவியின் அடியார் எவ்வுயிருக்கும் தீங்கு செய்யலாகாது. அவர்களால் மாண்டவரை மீட்க முடியும். ஹுமாக்ட் மரணத்தின் தெய்வம். அவன் அடியார் மீண்டு வருவதை ஏற்பதில்லை.

எங்கள் விடுதியில் ஒருமுறை ஹுமாக்டின் வீரனாக ஆடிய நண்பனின் பாத்திரம் மாண்டது. எழுப்ப வல்லவள் அருகிலேயே இருந்தாள். “வேண்டாம், அது எங்கள் குலத்துக்கு இழுக்கு” என்றான் அவன். அரைமணி நேரம் வாதாடிப் பார்த்தோம், அசையவில்லை. பகடைக்கு அங்கே வேலையே இல்லை. பல வாரம் வளர்த்த பாத்திரத்தை அவன் இழந்தான். நாங்களோ அன்றுதான் அந்த மக்களை அறிந்தோம்.

1987-இல் வந்த ‘ஆர்ஸ் மாஜிகா’வையும் சொல்ல வேண்டும். களம் இடைக்கால ஐரோப்பாவேதான். திருச்சபையின் ஆதிக்கம் உள்ள இடத்தில் மந்திர ஆற்றல் தளரும். ஆகவே மந்திரவாதிகள் ஊரை விட்டு ஒதுங்கி வாழ்கின்றனர். அவர்களோடு பிறந்த ஆற்றலே பிறருக்கு அவர்கள்மேல் ஐயத்தை உண்டாக்கும்; விலங்குகளும் மிரளும். மலையைப் பிளக்க வல்லவர்தான். சந்தையில் உப்பு வாங்கி வர அவருக்கு இன்னொருவர் வேண்டும்.