சொந்தக் கூரை

தேவிகுளம், பீருமேடு மலைகளில் தலைமுறைகளாய்த் தேயிலை பறிக்கும் நம்மவர்க்கு, குடும்பத்தில் ஒருவரேனும் தோட்ட வேலையில் உள்ளவரையே லயத்து வீடு உண்டு. ஆதலின் மறையூரிலோ, பாலக்காட்டின் கிழக்கே தமிழ் வழங்கும் கொழிஞ்சாம்பாறையிலோ, அமைதியான சிற்றூரில் வீடு வாங்க விழைவது ஆடம்பரமன்று, தேவையேயாகும்.

ஆயினும், முன்பணம் கொடுக்குமுன் பட்டயத்தை வாசியுங்கள். இடுக்கியில் 1964ஆம் ஆண்டு விதிகளின்படி பதித்துக் கொடுக்கப்பட்ட நிலங்கள் பல. எதன் பொருட்டு அளிக்கப்பட்டதென அறிதல் வேண்டும். பதிவு அலுவலகத்தில் வில்லங்கத்தையும், கிராம அலுவலகத்தில் தண்டப்பேரையும் வரி ரசீதையும் ஒத்துப் பாருங்கள். மலையாளம் வாசிக்கும் பிள்ளையை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

மனையின் மேற்புறச் சரிவையும் நோக்குங்கள். 2020 ஆகஸ்டு 6 இரவு, பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்கள் புதைந்து, 70 பேரை இழந்தோம். மழைக்காலத்தில் ஒருமுறை நேரில் பார்த்த பின்னரே விலை பேசுங்கள்.