பெற்றோரிடம் இல்லாத இரத்தப் பிரிவு பிள்ளைக்கு வருவது எப்படி?

தந்தையின் இரத்தம் 'ஏ' பிரிவு. தாயினுடையது 'பி' பிரிவு. மகனுடையதோ 'ஓ'. இது நடக்கக்கூடியதா?

கல்லூரியில் இரத்ததான முகாம் நடந்து முடிந்தால், மறுநாள் யாரேனும் ஒரு மாணவர் இக்கேள்வியுடன் வந்து நிற்பதுண்டு. சிலர் வெறும் ஆர்வத்தால் கேட்கின்றனர். சிலர் முகத்தில் கலக்கம் தெரிகிறது. வீட்டில் யாரோ எதையோ சொல்லிவிட்டார்கள் என்பது புரிந்துவிடும். நான் பௌதிகம் கற்பிப்பவன். ஆயினும் இதற்கு விடை கூற ஒரு பென்சிலும் நான்கு கட்டங்களும் போதும். நடக்கும்; அதில் விந்தை ஏதுமில்லை.

வியன்னாவில் பணியாற்றிய கார்ல் லாண்ட்ஸ்டைனர், மனித இரத்தம் எல்லோருக்கும் ஒன்றன்று என்பதை 1901-இல் வெளியிட்டார். ஒருவருடைய சிவப்பணுக்களை மற்றொருவரின் சீரத்துடன் கலந்தபோது சில சேர்க்கைகளில் அணுக்கள் கட்டிகட்டியாகத் திரண்டன; சிலவற்றில் திரளவில்லை. அவர் கண்டவை மூன்று பிரிவுகள். நான்காவதான 'ஏபி' பிரிவு அடுத்த ஆண்டில் தெரியவந்தது. 1930-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இப்பிரிவுகள் உண்மையில் என்ன? சிவப்பணுவின் மேற்பரப்பில் சிறு சர்க்கரைச் சங்கிலிகள் மயிர்போல் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஏறக்குறைய எல்லோருக்கும் அடிப்படையாக உள்ள சங்கிலிக்கு 'எச்' என்று பெயர். அதன் நுனியில் ஒருவகைச் சர்க்கரையை ஒட்டவைத்தால் 'ஏ'. வேறொருவகைச் சர்க்கரையை ஒட்டவைத்தால் 'பி'. ஒட்டவைக்கும் வேலையைச் செய்வது என்சைம். அந்த என்சைமைச் செய்யும் குறிப்பு, ஒன்பதாம் குரோமோசோமில் உள்ள ஒரு ஜீனில் இருக்கிறது. 'ஓ' ஜீன் என்பது தனியொரு பொருளைச் செய்யும் ஜீன் அன்று. பெரும்பாலான 'ஓ' ஜீன்களில் ஓர் எழுத்து மட்டும் விடுபட்டிருக்கிறது. அதனால் அதன் பிறகுள்ள குறிப்பெல்லாம் குழம்பி, வேலை செய்யும் என்சைம் உருவாவதில்லை. 'எச்' சங்கிலி மொட்டையாகவே நின்றுவிடுகிறது.

இதைப் புரிந்துகொண்டால் மற்றது எளிது. ஒவ்வொருவரிடமும் இந்த ஜீன் இரண்டு உண்டு. ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. ஒன்று 'ஏ', மற்றொன்று 'ஓ' என்றால் என்ன ஆகும்? ஒரு வீட்டில் இருவரில் ஒருவர் சமைத்தாலும் சாப்பாடு தயாராகிவிடும். மற்றவர் சும்மா இருந்தது இலையைப் பார்த்தால் தெரியாது. அதுபோல 'ஏ' ஜீன் ஒன்றே சங்கிலிகளை 'ஏ' ஆக்கிவிடுகிறது. சோதனைச் சாலை அவரை 'ஏ' பிரிவு என்றே எழுதும். ஆனால் அவரிடம் ஒரு 'ஓ' ஜீன் மறைந்திருக்கிறது. பிள்ளைக்கு எந்த ஜீனைக் கொடுப்பார் என்பது நாணயம் சுண்டுவதைப் போன்றது.

இனி முதற்கேள்விக்கு வருவோம். தந்தையிடம் 'ஏ', 'ஓ' ஜீன்கள். தாயிடம் 'பி', 'ஓ' ஜீன்கள் என்று கொள்க. நான்கு கட்டங்கள் போட்டுப் பாருங்கள். பிள்ளை 'ஏபி', 'ஏ', 'பி', 'ஓ' என்ற நான்கில் எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஒரே குடும்பத்தில் நான்கு பிள்ளைகளும் நான்கு பிரிவினராக இருந்தாலும் வியப்பில்லை. இதே தர்க்கத்தின்படி, பெற்றோர் இருவரும் 'ஓ' எனில் பிள்ளையும் 'ஓ'தான். 'ஏபி' பெற்றோர் ஒருவருக்கு 'ஓ' பிள்ளை பிறக்காது. ஆர்எச் பிரிவிலும் கதை இதுவே: பாசிட்டிவ் பெற்றோர் இருவருக்கு நெகட்டிவ் பிள்ளை பிறக்கலாம்.

இந்த ஏற்பாடு முழுவதையும் முதலில் சரியாகச் சொன்னவர் மருத்துவர் அல்லர், ஒரு கணித அறிஞர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. இரத்தப் பிரிவு பரம்பரையாக வருவது என்பதை 1910-இல் வான் டுங்கர்ன், ஹிர்ஸ்ஃபெல்ட் என்ற இருவர் காட்டினர். ஆனால் 'ஏ'க்கு ஓரிடம், 'பி'க்கு வேறோரிடம், இரண்டும் ஒன்றையொன்று சாராதவை என்று அவர்கள் கருதினர். 1924-இல் கெட்டிங்கன் நகரின் ஃபெலிக்ஸ் பெர்ன்ஸ்டைன், இல்லை, இடம் ஒன்றே, அதில் வரக்கூடிய ஜீன்கள் மூன்று என்றார்.

யார் சொல்வது சரி? கணக்குப் போடலாம். ஜெர்மானியரில் நூற்றுக்கு ஏறத்தாழ 41 பேர் 'ஓ', 43 பேர் 'ஏ', 11 பேர் 'பி', 5 பேர் 'ஏபி'. 'ஏ' பொருள் உள்ளோர் மொத்தம் 48. 'பி' பொருள் உள்ளோர் 16. இரண்டும் ஒன்றையொன்று சாராதவை எனில் 'ஏபி' 0.48 × 0.16, அதாவது நூற்றுக்கு 7.7 இருக்க வேண்டும். இருப்பதோ 5. பெர்ன்ஸ்டைன் வழியில், 'ஓ' பிரிவினரிடம் இரண்டு ஜீன்களும் 'ஓ'. ஆகவே 'ஓ' ஜீனின் பங்கு 0.41-இன் வர்க்கமூலம், 0.64. 'ஓ', 'ஏ' பிரிவினர் 84 பேரிடம் 'பி' ஜீன் இல்லை, 0.84-இன் வர்க்கமூலம் 0.917; எனவே 'பி' ஜீனின் பங்கு 0.083. இவ்வாறே 'ஏ' ஜீனின் பங்கு 0.279. மூன்றையும் கூட்டினால் 1.002! 'ஏபி' 2 × 0.279 × 0.083, நூற்றுக்கு 4.6. ஒரு குழந்தையைக்கூடச் சோதிக்காமல், ஊர்க் கணக்கை மட்டும் கொண்டு பரம்பரை விதியைக் கண்டுபிடித்துவிட்டார்!

விஞ்ஞானம் சொல்வதை நீதிமன்றம் உடனே ஏற்பதில்லை. நடிகர் சார்லி சாப்ளின் மீது ஜோன் பாரி என்ற பெண்ணின் குழந்தைக்காகத் தொடுக்கப்பட்ட தந்தைமை வழக்கில் தாய் 'ஏ', குழந்தை 'பி', சாப்ளின் 'ஓ'. குழந்தையின் 'பி' ஜீன் தாயிடமிருந்து வந்திருக்க முடியாது. சாப்ளினிடமும் அது இல்லை. இருந்தும் 1945-இல் ஜூரிகள் அவரே தந்தை என்றனர். கலிபோர்னியாவின் சட்டப்படி அக்காலத்தில் இரத்தச் சோதனை முடிவான சாட்சியமன்று. பின்னர் 1953-இல் சட்டம் மாற்றப்பட்டது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இச்சோதனை 'இவர் தந்தையல்லர்' என்று கூறலாமே தவிர, 'இவர்தான் தந்தை' என்று ஒருபோதும் கூறாது. 'பி' பிரிவு ஆண்கள் எத்தனையோ இலட்சம் பேர் உண்டல்லவா?

'இவர் அல்லர்' என்பதிலும் அவசரம் கூடாது. விதிக்கு மாறாக ஒரு சீட்டு வந்தால் முதலில் செய்ய வேண்டியது மறுபரிசோதனை. குழாய் மாறியிருக்கலாம், எழுத்து தவறியிருக்கலாம். அதன் பிறகும் விதி பொய்த்தால்? அரிதாக 'ஏ', 'பி' இரண்டையும் செய்யும் ஒரே ஜீன் சில குடும்பங்களில் உண்டு. அவர்களில் 'ஏபி' தாய்க்கு 'ஓ' பிள்ளை பிறக்கலாம்.

இதைவிட நம் நாட்டுக்கு நெருக்கமானது பம்பாய்ப் பிரிவு. 1952-இல் மருத்துவர் பெண்டேயும் துணைவர்களும் அதைப் பம்பாயில் கண்டறிந்தனர். இவர்களிடம் அடிப்படையான 'எச்' சங்கிலியே இல்லை. அதைச் செய்யும் ஜீன் பத்தொன்பதாம் குரோமோசோமில் உள்ளது. இரண்டு பிரதிகளும் பழுதானவை. ஒட்டவைக்க இடமே இல்லாதபோது 'ஏ', 'பி' என்சைம்கள் இருந்தும் பயனில்லை. வழக்கமான சோதனையில் இவர்கள் 'ஓ' போலவே தோன்றுவர். ஆனால் தம்மிடமுள்ள 'பி' ஜீனைப் பிள்ளைக்குத் தருவர். பிள்ளைக்கு மற்றப் பெற்றோரிடமிருந்து நல்ல 'எச்' ஜீன் கிடைத்துவிடுவதால் அது 'பி' பிரிவாகப் பிறக்கும். 'ஓ'வாகத் தோன்றும் தாய், 'ஓ'வான தந்தை, 'பி'யான குழந்தை! இங்கே கட்டங்களை மட்டும் நம்பி ஒரு பெண்ணின் மீது பழி சொன்னால் அது எவ்வளவு பெரிய அநீதி!

மும்பைப் பகுதியில் ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவர் இப்பிரிவினர். இவர்களுக்கு 'ஓ' இரத்தம் ஏற்றினாலும் ஆபத்து. அதிலுள்ள 'எச்' பொருளை உடல் எதிர்க்கும். பம்பாய்ப் பிரிவினரின் இரத்தமே வேண்டும். அவசரத்தில் எங்கே தேடுவது? பெற்றோர் இருவரும் ஒரு பழுதான 'எச்' ஜீனையாவது உடையவர்கள் என்பதால், உடன்பிறந்தார் ஒவ்வொருவருக்கும் இதே பிரிவு இருக்கக் குறைந்தது நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. ஆகவே மருத்துவர்கள் முதலில் அண்ணன், தம்பி, அக்காள், தங்கையரை அழைத்துச் சோதிக்கின்றனர்.