பட்டாணி வேரில் கண்ட முடிச்சு: பள்ளி மாணவிகளின் விதைச் சோதனை

உளுந்துச் செடியைப் பிடுங்கினால் வேரில் மணி மணியாக முடிச்சு இருக்கும். நம் விவசாயிகள் அனைவரும் பார்த்ததுதான். ஆனால் அயர்லாந்து நாட்டில் எமர் ஹிக்கி என்ற பள்ளி மாணவி, தாயாருடன் தோட்ட வேலை செய்யும்போது பட்டாணி வேரில் இதைக் கண்டு, ஏதோ நோய் என்றே எண்ணிவிட்டாள். செடியைப் பள்ளிக்கு எடுத்துச் சென்று ஆசிரியரிடம் காட்டினாள். அது ரைசோபியம் என்னும் நுண்ணுயிர் குடியிருக்கும் வீடு. காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது என்று விளக்கம் கிடைத்தது.

2011-ல் ஆப்பிரிக்காவின் கிழக்குப் பகுதியில் கடும் பஞ்சம். வகுப்பில் அதுபற்றியும் பேச்சு நடந்த நேரம். பயறு வகைக்கு உதவும் இந்த நுண்ணுயிரைத் தானியப் பயிரின் விதையில் தடவினால் என்ன ஆகும்? எமரும், அவளுடைய தோழியர் கீரா ஜட்ஜ், சோஃபி ஹீலி-தோ ஆகியோரும் இதையே பள்ளிச் செயல்திட்டமாக எடுத்துக்கொண்டனர். மூவரும் கார்க் மாவட்டம் கின்சேல் ஊர்ப் பள்ளி மாணவிகள்.

பார்லி, ஓட்ஸ் விதைகளை இரு பிரிவாக்கி, ஒன்றுக்கு நுண்ணுயிர் சேர்த்தனர். மற்றதைச் சும்மா விட்டனர். ஆயிரக்கணக்கான விதைகளை முளைக்கவைத்து அளந்து எழுதினர். நுண்ணுயிர் சேர்த்த விதைகள் ஏறக்குறைய பாதி நேரத்திலேயே முளைத்தன. பார்லியில் உலர் எடை 74 சதவீதம் வரை கூடியதாகவும் கணக்குக் காட்டினர். மழையும் குளிரும் நிறைந்த அந்த நாட்டில் விதை மண்ணில் அதிக நாள் கிடந்தால் அழுகிவிடும். முளைப்பில் மிச்சமாகும் ஒவ்வொரு நாளும் அங்கே லாபம்தான்.

2013-ல் அயர்லாந்தின் இளம் விஞ்ஞானி கண்காட்சியிலும், அதே ஆண்டு ஐரோப்பிய அளவிலான போட்டியிலும், 2014-ல் கூகுள் அறிவியல் போட்டியிலும் இவர்களுக்கு முதல் பரிசு கிடைத்தது.

ஆனால் ஒன்று. இதைப் படித்த கையோடு நெல் விதையில் ரைசோபியம் கலக்கப் போய்விடாதீர்கள். அது பார்லி, ஓட்ஸில் செய்த சோதனை. நம் நெல்லுக்குச் சிபாரிசு அசோஸ்பைரில்லம்தான். ரைசோபியம் உளுந்து, பச்சைப்பயறு, நிலக்கடலை போன்றவற்றுக்கு. பாக்கெட்டில் பயிரின் பெயரையும் காலாவதித் தேதியையும் பார்த்து வாங்குங்கள். ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் தடவி, நிழலில் உலர்த்தி, 24 மணி நேரத்துக்குள் விதைத்துவிட வேண்டும். வெயிலில் காய வைத்தால் நுண்ணுயிர் செத்துவிடும், காசும் போச்சு.

நம் நாட்டிலும் 1993 முதல் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு நடந்து வருகிறது. 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தம் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து ஆராய்ந்து, தாய்மொழியிலேயே சமர்ப்பிக்கலாம். பிள்ளைகள் நோட்டும் பேனாவுமாக வரப்பில் வந்து நின்றால், "படிக்கிற வேலையைப் பார்" என்று விரட்டுகிற வழக்கம் நம்மிடம் உண்டு. அவர்களிடம் வேலை கொடுத்துப் பாருங்கள். விதைக்குமுன் நூறு நூறாக நான்கு முறை விதையை எண்ணி, ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து, முளைத்ததைக் கணக்கிடச் சொல்லுங்கள். சான்று விதையானால் நெல்லில் 80, உளுந்தில் 75, நிலக்கடலையில் 70 சதவீதமாவது முளைக்க வேண்டும். சொந்த விதையில் இது குறைந்தால் விதைப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.

அடுத்த முறை உளுந்து விதைக்கும்போது நான்கு வரிசைக்கு மட்டும் ரைசோபியம் இல்லாமல் விடலாம். பூக்கும் சமயம் இரு பக்கத்திலும் பத்துப் பத்துச் செடியை மண்ணோடு தோண்டி எடுத்து, வேரைக் கழுவி, முடிச்சை எண்ணுவது பிள்ளைகள் பொறுப்பு. முடிச்சை நகத்தால் கிள்ளிப் பார்க்கவும் சொல்லுங்கள். உள்ளே சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் செய்யவில்லை.