கதவிடுக்கை அடைச்சா கரண்ட் பில் குறையுமா? ஒரு 500 யூனிட் கணக்கு

கும்மிடிப்பூண்டி சிப்காட்ல நைட் ஷிப்ட் பார்க்குறவங்க தூங்குறது பகல்ல. அதனால வீட்டுல ஏசி ஓடுறதும் உச்சி வெயில் நேரத்துல. கதவுக்கு அடியில விரல் நுழையுற இடைவெளி இருந்தா, குளிர்ந்த காத்து வெளியே போகும். சூடும் தூசியும் ஈரமும் உள்ளே வரும். அந்த ஈரத்தைத் தண்ணியா மாத்தி வெளியேத்தவும் ஏசிக்கு கரண்ட் வேணும்.

சரி, அடைச்சா எவ்வளவு மிச்சம்? அது உங்க மீட்டர் ரீடிங் எங்க நிக்குதுங்கிறதைப் பொறுத்தது.

2022 செப்டம்பர்ல வந்த கட்டணத்தை வச்சுப் பார்ப்போம். (அதுக்கப்புறம் ரேட் மாறியிருக்கு, உங்க பில்லுல இருக்கிற ரேட்டைப் போட்டுப் பாருங்க.)

500 யூனிட்: முதல் 100 இலவசம். அடுத்த 100க்கு ரூ.2.25, அடுத்த 200க்கு ரூ.4.50, கடைசி 100க்கு ரூ.6. மொத்தம் ரூ.1,725.

510 யூனிட்: 500-ஐத் தாண்டினதும் அந்த ரூ.2.25 சலுகை போயிடும். 101 முதல் 400 வரை முழுக்க ரூ.4.50, அடுத்த 100க்கு ரூ.6, மேல இருக்கிற 10 யூனிட்டுக்கு ரூ.8. மொத்தம் ரூ.2,030.

அதாவது, கடைசி 10 யூனிட்டோட விலை 305 ரூபாய்!

கம்ப்ரஸர் 1.5 கிலோவாட் இழுக்குதுன்னா, தினம் 10 நிமிஷம் குறைவா ஓடினாலே ரெண்டு மாசத்துல 15 யூனிட் மிச்சம். ஆக, 500-ஐ ஒட்டி நிக்கிறவங்களுக்குத்தான் இதுல பெரிய லாபம். 300 யூனிட் வீட்டுக்கு அதே 15 யூனிட்ல சுமார் 68 ரூபாய்தான்.

வாடகை வீட்டுல ஓனர் யூனிட்டுக்கு ஒரே ரேட் வாங்குறாரா? அப்போ ஸ்லாப் கணக்கு உங்களுக்கு இல்ல. மிச்சமான யூனிட்டை அந்த ரேட்டால பெருக்கிக்கோங்க.

எங்கே ஒழுகுதுன்னு கண்டுபிடிக்க, ஃபேனை நிறுத்திட்டு கதவு, ஜன்னல் ஓரத்துல ஊதுபத்தியைக் காட்டுங்க. திரைச்சீலை பக்கம் கவனம். புகை ஆடுற இடம்தான் ஓட்டை. கதவு அடிக்கு ரப்பர் பட்டை, ஜன்னல் சட்டத்துக்கு ஒட்டுற ஃபோம் டேப், சுவரும் சட்டமும் சேர்ற விரிசலுக்கு சிலிக்கான். எல்லாமே ஹார்டுவேர் கடையில கிடைக்கும். முதல்ல ஏசி ரூமுக்கு மட்டும் செய்யுங்க. வீடு முழுக்க வேண்டாம்.

சமையலறையை மட்டும் அடைக்கவே கூடாது. சிலிண்டர் கேஸ் காத்தை விடக் கனமானது. கசிஞ்சா தரையிலதான் தேங்கும். அது வெளியேற கதவுக்கு அடியில வழி இருக்கணும். இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கிற இடத்துக்கும் காத்தோட்டம் வேணும்.

செலவு பண்றதுக்கு முன்னாடி போன வருஷ ஏப்ரல், ஜூன் பில்லை எடுத்துப் பாருங்க. ரீடிங் 490-லிருந்து 530-க்குள்ள இருந்தா, இந்த வாரமே கதவுக்கு ரப்பர் போட்டுடுங்க. உங்க யூனிட் எவ்வளவுன்னு கமெண்ட்ல சொல்லுங்க, கணக்குப் போட்டுப் பார்ப்போம்.