குதிரைக்கு எதுக்குங்க மசாஜ்?

"மனுஷனுக்கே மசாஜ் பண்ண காசு இல்ல, குதிரைக்கு எதுக்கு ப்ரோ?" போன வாரம் வந்த வாய்ஸ் நோட் இது. சிரிச்சுட்டேன். ஆனா பதில் எங்க ஊர்ப் பக்கமே இருக்கு.

நான் தர்மபுரிக்காரன். 2004-ல கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகுற வரைக்கும் ஓசூரும் எங்க மாவட்டம்தான். ஓசூரை ஒட்டி மத்திகிரியில பெரிய அரசு கால்நடைப் பண்ணை இருக்கு. 1824-ல வெள்ளைக்காரங்க படைக்குக் குதிரை வளர்க்க ஆரம்பிச்ச இடம் அது. அந்தக் காலத்துப் படை லாயங்கள்ல குதிரைக்காரருக்கு 'மாலிஷ்' தினசரி வேலை. கையால கால் நரம்பை உருவி விடுவாங்க. வைக்கோலை முறுக்கிக் கழுத்து, தோள், தொடைச் சதையில தட்டித் தேய்ப்பாங்க. (நாம தலைக்குப் போடுற 'ஷாம்பு'வே அழுத்திப் பிடிச்சு விடுறதைக் குறிக்கிற இந்திச் சொல்லுல இருந்து போனதுதான்!)

சரி, பலன் என்ன? ரெண்டு குதிரை எதிரெதிரா நின்னு ஒண்ணையொண்ணு பல்லால சொறிஞ்சு விடுறதைப் பார்த்திருப்பீங்க. கழுத்து முடிஞ்சு முதுகு ஆரம்பிக்கிற மேட்டுலதான் பெரும்பாலும் சொறியும். அங்க தேய்ச்சா இதயத் துடிப்பு குறையுதுன்னு 1993-லயே ஆய்வு வந்திருக்கு. 2004-ல மசாஜை வச்சு இங்கிலாந்துல பண்ண ஆய்வுலயும் துடிப்பு குறைஞ்சது. பின்தொடைத் தசையைப் பிடிச்சு விட்டா கால் இன்னும் கொஞ்சம் முன்னாடி நீளுதுன்னு 2010-ல ஒரு ஆய்வு சொன்னது. எல்லாமே சின்ன ஆய்வுகள். "உடம்புல இருக்கிற நச்செல்லாம் வெளியேறிடும்"னு யாராவது சொன்னா, அது வியாபாரப் பேச்சு.

எனக்குப் பெரிய பலனாத் தெரியறது வேற. கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுற ஒரு அண்ணன் எங்க ஊர்ல இருக்கார். ராத்திரி எத்தனை மணிக்கு வந்தாலும் சேணத்தைக் கழட்டிட்டு, ஒரு கை வச்சு முதுகு முழுக்க நீவுவார். "எங்க தோல் சுண்டுது, எங்க சூடு அடிக்குதுன்னு கைதான் தம்பி சொல்லும்"னார். குதிரை மத்த மிருகத்துக்கு இரையாகுற ஜீவன், வலியை மறைக்கத் தெரிஞ்சது. நொண்ட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே சேணம் அழுத்துன இடம் கைக்குத் தெரிஞ்சுடும். பிடிக்கிற பிடி சரியா இருந்தா தலை தாழும், கீழுதடு தொங்கும். காதைப் பின்னாடி மடக்குனா கையை எடுத்துடணும்.

ஒரு விஷயத்துல மட்டும் விளையாடாதீங்க. ஓட்டம் முடிஞ்ச குதிரை, தொடை கல்லு மாதிரி இறுகி, வியர்த்து, ஒரு அடி வைக்க முடியாம நின்னா, அது சோர்வு இல்ல. தசையே சிதைஞ்சுட்டு இருக்கலாம். சிறுநீர் காப்பி நிறத்துல போனா சிறுநீரகத்துக்கும் ஆபத்து. அப்ப அழுத்தித் தேய்க்கவும் கூடாது, நடக்க வைக்கவும் கூடாது. நின்ன இடத்துலயே நிறுத்திட்டு உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடணும். காய்ச்சல், புதுக் காயம், திடீர் நொண்டல்னாலும் முதல்ல டாக்டர்தான். தேய்ச்சு விட்டுட்டு, "சரியாயிடுச்சு"ன்னு மறுநாள் ஊர்வலத்துக்கு ஓட்டிட்டுப் போறவங்களை நானே பார்த்திருக்கேன்.